கன்றுகளுக்கு வந்த குழாய்

இன்று காலை ஈப்போவில் ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கிராணியைப் பார்த்தேன். எண்பதுகளில் தோட்ட ஆபீஸ் கடிதங்களையெல்லாம் தட்டச்சு செய்தவர் அவர்தான்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு அப்பா அரசாங்கத்துக்கு மனுப் போட்டதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஞாபகம் இருக்கு தம்பி. தோட்டம் தனியார் நிலம், மக்களோட வரிப்பணத்த அதுல போட முடியாதுன்னு பதில் வந்துச்சு."

பிறகு தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அதே மாசந்தான் பழைய மரத்த வெட்டிப் புதுசு நட, முதலாளிக்கு அரசாங்க மானியம் வந்துச்சு. கன்னு நர்சரிக்குக் குழாய் போட்டதே அந்தக் காசுலதான் லா."

பிய்த்த ரொட்டி சானாயைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நர்சரி மட்டும் தனியார் நிலம் இல்லியா ஐயா?"

"அது கன்னுங்களுக்குக் குடுத்தது தம்பி."

அந்த நர்சரிக் குழாயில் ஒரு வாளி பிடித்ததற்காக அம்மாவுக்குத் தோட்ட ஆபீஸிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முதலாளியின் தண்ணீரைத் திருடினார் என்று அதில் எழுதியிருந்தது.

தட்டச்சு செய்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் தோட்டத்தில் குழாய் முதலில் யாருக்கு வந்தது?