ஓலை இறங்கிய வாசல்

இந்த ஊரில் நெற்றிகள் வெள்ளை. காலை ரயிலில் வெறும் நெற்றியோடு இறங்குகிறவர்கள், சாயங்காலம் மலைக்கோயிலிலிருந்து பட்டை பட்டையாய்ச் சாம்பல் பூசிக்கொண்டு திரும்புவார்கள். டிக்கெட் கொடுக்கிறவர், தண்ணீர்ப் பானைக்காரர், கொள்ளு விற்கிறவள், எல்லார் நெற்றியிலும் அது உண்டு. வருஷம் முழுக்க வெறும் நெற்றியோடு இங்கே நடமாடிய சிலரில் நானும் ஒருத்தி. ஒரே ஒரு நாள் மட்டும் எனக்கும் சாம்பல் கிடைக்கும். எங்கள் நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்குகிற அந்த நாளை விபூதிப் புதன் என்றுதான் அப்போது நாங்கள் சொல்வோம். அன்றைக்குக் கடைத்தெருவில் என்னை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

நான் கடலோரத்தில் பிறந்தவள். அலை நிற்காது, அதைப் பார்த்து வளர்ந்த மனசும் நிற்காது. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. வந்த புதிதில் இந்த மலையைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எப்போது பார்த்தாலும் அங்கேயே இருக்கிறதே என்று. வீட்டுக்கும் கிணற்றுக்கும், கிணற்றுக்கும் கோயிலுக்குமாக நான்தான் அலைந்துகொண்டிருந்தேன். எங்கள் மாதா கோயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஓடு வேய்ந்த ஒற்றைக் கூடம். சாமியார் மாதம் ஒரு தடவை ரயிலில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். மணி அடிப்பார், ஜெபம் சொல்லுவார், எங்கள் பாவங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரிப்பார்.

பக்கத்து வீடு ஒரு ஜட்காக்காரருடையது. யாத்திரை வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் ஏற்றிப் போவார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரி, வீட்டில் பாதிப் பேச்சு தெலுங்கு. மாமன் மகனையே கட்டிக்கொண்டதால் புருஷனை 'பாவா' என்பாள். கோபம் வந்தால் மட்டும் 'யோவ்'.

எங்கள் ஜில்லாவில் சில வருஷம் கள்ளுக்கடைகளை மூடி வைத்திருந்த சர்க்கார், யுத்த காலத்தில் மறுபடி திறந்துவிட்டது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரிப்புகையில் இருமிக்கொண்டு கிடக்க, ஜட்காவுக்கு நல்ல சவாரி. கையில் காசு, வழியில் கடை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர் என்பதால் எனக்கு எல்லாம் கேட்கும். முதலில் பாத்திரம் விழும். அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்காது. அதுதான் மோசம்.

முதல் வருஷம் குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வந்துகொண்டிருந்தேன். கணவருக்கு டியூட்டி என்பதால் அவருடைய ஓலையையும் உபதேசியார் என்னிடமே கொடுத்திருந்தார். அக்கா வாசலில் நின்றிருந்தாள். கன்னத்தில் ஒரு வீக்கம். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"இன்னா பொண்ணு அது, கையில?"

"குருத்தோலைக்கா. சாமியார் மந்திரிச்சுக் குடுத்தது. வாசல்ல சொருகி வைப்போம்."

"எதுக்கு?"

கழுதை மேல் ஏறி நகரத்துக்குள் வந்தவரை ஜனங்கள் ஓலை பிடித்து வரவேற்ற கதையைச் சொன்னேன்.

"கழுதை மேலயா? அந்த ஊர்ல ஒரு ஜட்கா கூடவா கெடைக்கல?" என்றாள். பிறகு ஓலையைத் தொட்டுப் பார்த்தாள். "பனைதான இது? கள்ளு எறக்குற பனை?"

"ஆங்."

"எனக்கு ஒண்ணு குடேன். அந்த மரம் செஞ்ச வேலைய அந்த மரமே சரி பண்ணுதான்னு பாக்கறேன்."

கணவரின் ஓலையைக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. அவள் அதை வாசல் நிலையின் மேல், காய்ந்த மாவிலைத் தோரணத்துக்கு நடுவில் நூலால் கட்டினாள். மஞ்சள் பூசி மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள். ஓலை கொஞ்சம் தொங்கியது.

ஒரு வாரம் போயிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்க ஆரம்பித்தது. கொள்ளு விலை, குதிரையின் லாடம், யாரோ ஒரு செட்டியார் அம்மாள் வண்டியில் ஏற மாட்டாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டது. நடுவில் சிரிப்பு. கிணற்றடியில் ஜட்காக்காரரே என்னிடம் சொன்னார்:

"நுழையறப்பல்லாம் உங்க ஓலை மண்டையில தட்டுது தங்கச்சி. குனிஞ்சா, அவ காலு தெரியுது. அதுக்கு மேல இன்னாத்த கத்தறது?"

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் ஓலை செய்த வேலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் தெரு கொள்ளாமல் போனபோதும் அந்த ஓலை அங்கேயே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அவள் எனக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தபோதும் இருந்தது. வெளுத்து, சுருண்டு, குங்குமம் மட்டும் போகாமல்.

மாசி மாதம் உபதேசியார் பழைய ஓலைகளை வாங்க வந்தார். எல்லா வீட்டு ஓலையையும் சேர்த்து எரித்துத்தான் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுப்பார்கள். நான் என் ஓலையை இறக்கிக் கொடுத்தேன்.

"ஒண்ணுதானா? ரெண்டு வாங்கினியேம்மா?"

"இன்னொண்ணு பக்கத்து வீட்ல இருக்குதுங்க."

"ஜட்காக்காரன் வூட்லயா?" குரல் தாழ்ந்தது. "மந்திரிச்ச ஓலைம்மா. தோரணம் கட்டறதுக்கா குடுத்தோம்?"

"கட்டியாச்சுங்க."

"மஞ்சள் குங்குமம் வேற வச்சிருப்பாங்களே?"

"வச்சாச்சுங்க."

உபதேசியார் கண்ணை மூடித் திறந்தார். "சாமியார் கேட்டா நான் இன்னான்னு சொல்றது? எப்படியாச்சும் வாங்கினு வந்துடு."

கணவரிடம் சொன்னேன். முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தாமலே, "குடுத்ததைத் திருப்பிக் கேக்கற பழக்கம் எங்க வீட்ல இல்ல. உங்க வீட்ல உண்டான்னு நீ யோசிச்சுக்க" என்றார்.

உபதேசியார் சொன்னதில் கொடுமை ஒன்றும் இல்லை. எங்கள் வாசல்களும்தான் வெறுமையாகின்றன. சாம்பல் பூசும் நாளிலிருந்து புது ஓலை வரும் நாள் வரை, தபசு காலத்தின் நாற்பது நாளும், எந்தக் கத்தோலிக்கன் வீட்டு நிலையிலும் ஒன்றும் இருக்காது. ஆனால் எனக்கு அது ஒரு பழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு அந்த ஓலைதான் அடி விழாத சாயங்காலம். அதை எடுத்தால் அவள் கன்னம் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. போய்ச் சொல்லிவிடுவோம், முடிவை அவளே எடுக்கட்டும் என்று போனேன்.

அக்கா முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"எடுத்தா, திரும்ப எப்ப வைப்ப?"

"புது ஓலை வர நாப்பது நாள் ஆவும்க்கா."

"அது வரைக்கும் வாசல் சும்மா இருக்குமா?"

"எங்க வாசலும் சும்மாதான் இருக்கும்."

"உன் வூட்டுக்காரரு காப்பியக் கூட ஊதி ஊதி குடிக்கறவரு. உனக்கு வாசல் சும்மா இருந்தா இன்னா, கதவே இல்லாட்டி இன்னா?"

முறம் அசையாமல் அவள் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜட்கா வந்து நின்றது. அவர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

"இன்னா, யாரு செத்துட்டாங்க?"

"ஒண்ணுமில்ல பாவா, நீ உள்ள போ."

அவர் போகவில்லை. என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓலையை அண்ணாந்து பார்த்தார்.

"நாப்பது நாள்தான? காவடி எடுக்கறவன் எல்லாம் ஒருவேளை சோத்தோட ஒருசந்தி இருந்து, வெறுங்காலோட இருந்து, இன்னான்னாவோ பண்றான். நான் குடிக்காம இருக்க மாட்டனா?"

"நீயா?" அக்கா சிரித்தாள், சிரிப்பு மாதிரி இல்லை. "உன்ன நம்பறதுக்கு உன் குதிரைய நம்புவேன்."

"குதிரைய ஏன் இழுக்கற? அது பச்சத்தண்ணி குடிக்கற ஜாதி."

சொல்லிக்கொண்டே கையை உயர்த்தி ஓலையை இழுத்தார். நூலுக்கு அடியில் ஒரு துணுக்கு ஒடிந்து நின்றுவிட்டது. மிச்சத்தை என்னிடம் நீட்டினார். "எரிங்க தங்கச்சி."

அக்கா எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். மலைக்கோயில் விபூதியோடு வந்தாள். ஓலை இருந்த இடத்தில், வெறும் மரத்தின் மேல், மூன்று விரலால் இழுத்தாள். "உங்காளு வர்ற வரைக்கும் எங்காளு பாத்துக்கட்டும்" என்றாள்.

மறுநாள் கோயிலுக்குப் பின்னால் உபதேசியார் மண்சட்டியில் ஓலைகளை எரித்தார். நான் கொடுத்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குங்குமத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. என்னைப் பார்த்தார்; நான் தீயைப் பார்த்தேன். மற்ற ஓலைகளோடு போட்டுவிட்டார். நன்றாக எரிந்தது.

புதன்கிழமை காலை சாமியார் லத்தீனில் ஏதோ சொல்லி எங்கள் நெற்றியில் சாம்பலிட்டார். மண்ணாய் இருக்கிறாய், மண்ணாய்ப் போவாய் என்று உபதேசியார் முன்பே அர்த்தம் சொல்லியிருந்தார். எனக்கு மண் ஞாபகம் வரவில்லை. மஞ்சள் ஞாபகம்தான் வந்தது.

"இன்னா பொண்ணு, மலைக்குப் போயிட்டு வர்றியா?" வாசலிலிருந்து அக்கா.

"ஆங். எங்க மலைக்கு."

கிட்டே வந்தாள். "என் ஓலையும் இதுல கீதா?"

"கீதுக்கா."

என் நெற்றியை ஒரு விரலால் தொட்டாள். விரலைப் பார்த்துவிட்டுத் தன் பொட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

அந்தத் தபசு காலத்தை நான் சுவரில் காது வைத்தே கழித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒருசந்தி இருந்தேன், வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்ச் சிலுவைப்பாதை செய்தேன். ஆனால் என் ஜெபமெல்லாம் பக்கத்து வீட்டு நிலைப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஜட்காக்காரர் சிடுசிடுவென்று ஆகிவிட்டார். குதிரையோடு சண்டை, சவாரியோடு சண்டை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் எத்தினி நாள் தங்கச்சி?" என்பார். "காவடி எடுக்கறவன் இப்படித்தான் கேட்டுகினு போவானா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

பாதி நாள் தாண்டியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். சிலுவைப்பாதை முடிந்து வருகிறேன். அவர் தன் வீட்டு வாசலுக்கு வெளியே நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். குதிரை வண்டியிலேயே பூட்டியிருந்தது. பக்கத்தில் போகாமலே வாடை வந்தது. உள்ளே அக்கா கையில் விளக்கோடு நின்றாள். நான் என் கதவைத் திறக்காமல் நின்றுவிட்டேன்.

"ஓலை இல்லன்னு கடைக்குப் போவலம்மே," என்றார். நாக்கு குழறியது. "அது மேல பழி போடாத. கால் போச்சி. நானும் கூடப் போனேன். அவ்ளோதான்."

பாத்திரம் விழப் போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"உள்ள வரட்டுமா?" என்றார்.

இத்தனை நாளில் அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது. விளக்கைக் கீழே வைத்தாள்.

"குதிரைய அவுத்துக் கட்டு பாவா. அது இன்னா பாவம் பண்ணுச்சி? கை கால் கழுவினு வா. சோறு ஆறுது."

'யோவ்' என்று சொல்லவில்லை. அன்று பாத்திரம் விழவில்லை. சோற்றுத் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சிலுவையோடு மூன்று முறை விழுந்து எழுந்தவரின் பாதையை அப்போதுதான் கோயிலில் சுற்றி, இடத்துக்கு இடம் முழங்காலிட்டுவிட்டு வந்திருந்தேன். அதில் எனக்குப் புரியாமல் இருந்த ஏதோ ஒன்று இந்த வாசலில் நின்றதில் புரிந்தது. காலையில் கிணற்றடியில் அக்கா சொன்னாள்: "திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணிகினு கீறான், பைத்தியம்." சொல்லும்போது வாளியைத் தூக்கும் கை லேசாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. இந்த முறை கணவருக்கு டியூட்டி இல்லை. உபதேசியார் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தார். நான் நகராமல் நின்றேன்.

"இன்னொண்ணு வேணுமா?" என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஆங்."

"மஞ்சள் பூச வேணாம்னு சொல்லும்மா."

"சொல்றேங்க."

"கேக்க மாட்டாங்க."

"மாட்டாங்கதான்."

கட்டிலிருந்து நல்ல குருத்தாக ஒன்று உருவிக் கொடுத்தார்.

ஜட்காக்காரர் தன் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். தெருவில் வண்டி பூட்டியபடி நிற்க, உள்ளே ஒரு குடும்பமே முடி காணிக்கைக்கு உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறுங்களேன், மலை எங்கயும் போயிடாது!" என்று அவர்களை அதட்டிவிட்டு என் கையிலிருந்து ஓலையை வாங்கினார். பழைய துணுக்கைப் பிடுங்கப் போனவரை அக்கா தடுத்தாள்.

"அது இருக்கட்டும் பாவா. நாப்பது நாளும் அதுதான் நின்னுச்சி. மேல தூக்கிக் கட்டு. தலையில இடிக்காத மாதிரி."

"இடிக்கத்தான கட்னது?"

"சொன்னதச் செய்."

அவர் உயரக் கட்டினார். நான் மஞ்சள் விஷயத்தைச் சொன்னேன். "ஆங், சரி," என்று அக்கா தலையாட்டினாள். குழைத்து வைத்திருந்த மஞ்சளை எடுத்துப் பூசினாள்.

அவர் அதற்கப்புறம் குடிக்கவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அடுத்த தபசு காலத்திலும் ஒரு சாயங்காலம் வெளியே நின்று, "உள்ள வரட்டுமா?" என்று கேட்டார். அதற்கடுத்ததில் கேட்கவில்லை, கேட்க வேண்டி வரவில்லை. அவள் கன்னத்தில் நான் மறுபடி வீக்கத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தக் குருத்தோலை ஞாயிறன்று வண்டியிலிருந்தவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். அவர் சாட்டையை உள்ளே வைத்துவிட்டு வந்திருக்கிறார். எடுக்க ஓடினார். ஓலை இப்போது தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. ஆனாலும் குனிந்துதான் நுழைந்தார்.