நான் அந்தக் கட்டிலில்தான் இருந்தேன்

பள்ளிக்கூட மாடிப்படி ஏறி வகுப்பறை வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், இடது காலில் செருப்பு இல்லை. நாலைந்து படிகளுக்குக் கீழே கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. இறங்கிப் போய் மாட்டிக்கொண்டபோது பாதம் மரத்திருந்தது.

முந்தைய வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. திருச்செங்கோட்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் சத்துக் குறைவு என்று ஊசி போட்டு அனுப்பினார். மறுநாள் ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்கி விழுந்தேன். சாயங்காலத்துக்குள் கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது.

என் பெயர் மல்லிகா. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. கணவர் செல்வராஜ் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். இதை எழுதுவது, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்காக. உள்ளே படுத்திருப்பவரைப் பற்றி உங்களிடம் ஏதோ சொல்லியிருப்பார்கள். என்னைப் பற்றியும் சொன்னார்கள்.

பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸ் சங்ககிரியைத் தாண்டும்போது மூச்சை இழுக்க வேண்டும் என்று நினைத்தேன். நெஞ்சு எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தேன். அவர் டிரைவரிடம் எதையோ கத்திக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு என் நினைவில் ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை. அந்த நேரத்தில் நான் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் திரும்பி வந்தேன். முதலில் காது வந்தது. வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) காற்றைத் தள்ளும் சத்தம். பிறகு தொண்டையில் குழாய். கண்ணைத் திறக்கப் பார்த்தேன், இமை எழவில்லை. விரலை அசைக்கப் பார்த்தேன். உள்ளே நான் கட்டளை போட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே எதுவும் நடக்கவில்லை.

தலைமை மருத்துவரின் குரலை அப்போதுதான் கேட்டேன். என் காலடியில் நின்று என் கணவரிடம் பேசினார்.

"மூளைக்கு ரொம்ப நேரம் ஆக்சிஜன் போகலை. கண்ணுல வெளிச்சம் அடிச்சாலும் அசைவில்லை. நகத்தை அழுத்தினாலும் அசைவில்லை. உணர்வே இல்லைங்க. இப்ப இருக்கறது வெறும் உடம்புதான்."

நகத்தை அழுத்தியது உண்மை. பேனாவை வைத்து அழுத்தினார். விரலே பிளந்துவிடும்போல வலித்தது. கத்தினேன். என் கத்தலுக்கு ஒரு நரம்பும் வேலை செய்யவில்லை. அசையாததால் வலிக்கவில்லை என்று முடிவு செய்தார். வலிக்காததால் உள்ளே ஆள் இல்லை என்று முடிவு செய்தார்.

அதன்பின் எனக்கு வலி மருந்து கிடையாது. தொண்டைக் குழாய்க்குள் இன்னொரு குழாயை விட்டுச் சளியை உறிஞ்சுவார்கள். ஒவ்வொரு தடவையும் மூச்சு அறுந்து, மார்புக்குள் கம்பியை விட்டுக் கிளறுவது போலிருக்கும். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி கேட்டாள், "அக்கா, இவங்களுக்கு வலிக்காதா?" மூத்த நர்ஸ் சொன்னாள், "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நீ பண்ணு." அவள் குரலில் கொடுமை எதுவும் இல்லை. மேசையைத் துடைக்கச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தச் சாதாரணக் குரலால் பட்ட காயம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எத்தனை நாள் போனது என்று தெரியவில்லை. நர்ஸ்களின் குரல் மாறினால் வேளை மாறியது என்று தெரியும். காலையா மாலையா என்று தெரியாது. தூங்கி விழித்தால், தூங்கியது ஒரு நிமிடமா ஒரு நாளா என்று கேட்க முடியாது.

ஒரு நாள் கணவர், அவருடைய சித்தப்பா, என் தங்கை கவிதா மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கவிதா மேட்டூரில் அனல்மின் நிலைய அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தலைமை மருத்துவர் வந்து, "இனி இங்க வெச்சிருந்து பிரயோஜனம் இல்லைங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். வீட்டுக்குப் போவது என்றால் மூச்சுக் கருவியைக் கழற்றுவது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கணவர், "சரிங்க, நாளைக்கே கூட்டிட்டுப் போயிடறோமுங்க" என்றார்.

"நாளைக்குச் சனிக்கிழமை, வேண்டாம்" என்றார் சித்தப்பா. "சனிக்கிழமை எழவு ஊட்டுக்கு ஆகாது சாமி. ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம்."

"மாமா, அக்கா இன்னும் போகலை" என்றாள் கவிதா.

"டாக்டரே சொல்லிட்டாரல்லோ" என்றார் என் கணவர்.

மூளையும் நரம்பும் என்று பாடம் நடத்திய எனக்கு, உயிரோடு இருக்க ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது சனிக்கிழமை ஆகாது என்பதால்தான். இதைச் சொல்லிப் பலர் சிரித்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சாங்கம் பார்த்ததை விடச் சோதனை செய்து பார்த்தது அந்த இடத்தில் குறைவாக இருந்தது என்பதுதான் என் ஆத்திரம்.

அந்த மருத்துவமனைக்குச் சனிக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து ஒரு நரம்பியல் மருத்துவர் வருவார், ஒரு பெண்மணி. என்னை அவர் பார்க்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. கவிதா அவரை நடைபாதையில் மறித்தாள். என்ன பேசினாள் என்று பின்னால் அவளே சொன்னாள். "ஒண்ணும் சொல்லலைக்கா. ஒரு தடவை பாத்துட்டுப் போங்க மேடம், பாக்காம போனா நான் வழி விடமாட்டேன்னு நின்னேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

அவர் வந்தார். சுத்தியலால் முழங்காலிலும் முழங்கையிலும் தட்டினார். முதலில் காலா கையா பலம் போனது, வயிற்றுப்போக்கு இருந்ததா என்று கவிதாவிடம் கேட்டார். மரத்துப்போனது, கீழே விழுந்தது எல்லாவற்றையும் கேட்டார். இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தீர்களா என்று பணியில் இருந்த டாக்டரிடம் கேட்டார். எடுக்கலை மேடம் என்றார் அவர்.

அன்று மத்தியானம் தலை முழுக்கப் பசை வைத்து ஒயர்களை ஒட்டினார்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அந்த நரம்பியல் மருத்துவர் என் காதருகில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கை தட்டினார். மறுபடி கூப்பிட்டார். பிறகு குனிந்து சொன்னார்:

"மல்லிகா டீச்சர், நீங்க கேட்டுட்டு இருக்கீங்கன்னு நெனைக்கறேன். உங்க மூளை முழிச்சிருக்கு. நரம்புதான் வேலை செய்யலை. இது சரியாகக்கூடிய நோய். இனி யாரும் உங்களைக் கேக்காம எதுவும் பண்ண மாட்டாங்க."

மகிழ்ச்சியில் அழுதேன் என்று எழுத ஆசைதான். எனக்கு வந்தது கோபம். அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தேன்.

நோயின் பெயர் குய்லன்-பாரே (கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தி, தன் நரம்புகளின் மேலுறையையே அரித்துவிடும் நோய்). பெரும்பாலும் கால், கை, மூச்சோடு நிற்கும். எனக்குக் கண்மணிவரை ஏறியிருந்தது. அதனால் வெளிச்சத்துக்குக்கூட அது சுருங்கவில்லை. இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். முதலில் இமை அசைந்தது. பிறகு உதடு. சில வாரங்களுக்குப் பின் வென்டிலேட்டரை எடுத்தார்கள். குழாய்க்காகத் தொண்டையில் போட்டிருந்த துளையை விரலால் மூடிக்கொண்டு பேசக் கற்றேன்.

தலைமை மருத்துவர் வந்து நின்றார். "நீங்க ஒரு அதிசயம்மா" என்றார்.

"அதிசயம் இல்லைங்க. ஒரு சோதனை செய்யலை" என்றேன். காற்று பாதி துளை வழியாகப் போனது. அவருக்குப் புரிந்தது.

"அந்த நிலைமையில யார் பாத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

"அப்ப யார் சொல்லியிருந்தாலும் தப்புதானுங்களே."

அவர் நர்ஸிடம் என் இரத்த அழுத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நரம்பியல் மருத்துவரிடம்தான் என் கேள்வியைக் கேட்டேன். ஒரு சனிக்கிழமை கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் உள்ளே இருக்கிறேனா இல்லையா என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பதிலை வெச்சு" என்றார். "கை அசையுதா, கண்ணு திரும்புதா. பதில் வந்தா ஆள் இருக்காங்கன்னு சொல்லுவோம். வரலைன்னா, பதில் வரலைன்னு மட்டும்தான் சொல்லணும். ஆனா ஆளே இல்லைன்னு சொல்லிடறோம்."

"இஇஜியில என்னைப் பாத்தீங்களா?"

"முழிச்சிருக்கற மூளையோட அலையைப் பாத்தேன். உங்களைப் பாக்கலை. அந்த அலை எப்படி உங்களுக்கு வலியா, கோபமா ஆகுதுன்னு எனக்குத் தெரியாது. யாரும் இன்னும் கண்டுபிடிக்கலை. எங்கே நடக்குதுன்னு கொஞ்சம் சொல்ல முடியும். ஏன் உள்ளே ஒருத்தர் இருந்து அதை அனுபவிக்கறாங்கன்னு சொல்ல முடியலை."

"என்னைக்காவது தெரியுமா?"

"தெரியலாம். தெரியாமயும் போகலாம்."

எனக்கு அந்த மருத்துவமனையில் கிடைத்த மரியாதையான சொல் அந்தத் 'தெரியாது'தான். நனவு எப்படி உண்டாகிறது என்று அறிவியலால் சொல்ல முடியவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. வகுப்பில் சோடியம், பொட்டாசியம் என்று நரம்புத் துடிப்பைப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். எந்த அம்புக்குறியும் 'வலிக்கிறது' என்ற இடத்துக்குப் போய்ச் சேராது என்று எனக்கே தெரியும். எது என்றே தெரியாத ஒன்றை, அங்கே இல்லை என்று எப்படி அடித்துச் சொன்னார்கள்? அதைத்தான் கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு கூட்டம் வந்தது. உயிர் வெளியே போய்த் திரும்பியதா, ஒளி தெரிந்ததா, செத்துப்போன அப்பா வந்தாரா என்று கேட்டார்கள். தியான வகுப்பு நடத்தும் ஒருவர், "பாத்தீங்களா, உணர்வுங்கறது மூளையில இல்லை. ஆன்மாதான். விஞ்ஞானத்தால அதைத் தொட முடியாது" என்று என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

"நான் எங்கயும் போகலைங்க" என்றேன். "கட்டில்லதான் இருந்தேன். மேல ஏசி சொட்டிட்டு இருந்துச்சு. என்னைக் கண்டுபிடிச்சது அந்த ஒயருதான்." நரம்பியல் மருத்துவரே தெரியாது என்றதை இவர் தெரிந்ததாகச் சொல்கிறார். தலைமை மருத்துவர் நான் இல்லை என்றார், இவர் நான் மூளைக்கு வெளியே எங்கோ இருந்தேன் என்கிறார். இருவரும் என்னிடம் கேட்கவில்லை.

கணவரிடம் பேச எனக்கு நாளாயிற்று. ஒரு காலை, என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க சரின்னு சொன்னதைக் கேட்டேன்."

அவர் கை நின்றது. "தெரியும்" என்றார். "உனக்குக் கேட்டிருக்கும்னு அந்த மேடம் சொன்ன அன்னைக்கே தெரியும். அதனாலதான் உன் மூஞ்சியைப் பாக்க முடியலை."

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் கேக்கலைன்னாலும்."

"உங்கிட்டச் சொன்னா என்னால கூட்டிட்டுப் போக முடியாது மல்லிகா. நீ இல்லைன்னு நம்பினாத்தான் முடியும்."

அவர் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். நான் மன்னித்தேன் என்று எழுதவில்லை. அவர் மேல் உள்ள கோபமும் அவர் கையின் சூடும் ஒரே நேரத்தில் எனக்குத் தெரிந்தன. இரண்டில் எதையும் விட முடியவில்லை.

வாசலில் உட்கார்ந்திருப்பவர்களே, இஇஜி எடுத்தார்களா என்று கேளுங்கள். நரம்பியல் மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். வலி மருந்து போகிறதா என்று கேளுங்கள். எல்லோரும் என்னைப் போலத் திரும்பி வருவார்கள் என்று நான் சொல்லமாட்டேன், பலர் வரமாட்டார்கள். ஆனால் முடிவு பேசுவதென்றால் கட்டிலைவிட்டுத் தள்ளி நின்று பேசுங்கள். கட்டிலருகில் போனால் அவரிடம் பேசுங்கள்.

சென்ற மாதம் எங்கள் பள்ளித் தமிழாசிரியையின் கணவருக்கு விபத்தில் தலையில் அடிபட்டது. நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஊன்றுகோலோடு போனேன். அவருக்கு எல்லாச் சோதனையும் செய்திருந்தார்கள், முடிவு நன்றாக இல்லை. அவர் காதருகே குனிந்து, நான் யார், அவர் எங்கே இருக்கிறார், அவர் மனைவி வெளியே காபி குடிக்கப் போயிருக்கிறார் என்று சொன்னேன். சளி உறிஞ்ச நர்ஸ் வந்தபோது, இப்போது கொஞ்சம் வலிக்கும் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டொரு நாளில் இறந்துவிட்டார். அவர் கேட்டாரா என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார். தெரியாது டீச்சர் என்றேன். கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வரவில்லை.

இப்போது நடக்கிறேன். காலை எடுத்து வைக்க நினைப்பதற்கும் கால் நகர்வதற்கும் நடுவே சிறு தாமதம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் சும்மா நிற்பதுபோலத் தெரியும். "என்ன டீச்சர், யோசனையா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் உடம்பும் நானும் ஒன்றே என்று எண்ணாமலே எண்ணியிருந்தேன். இப்போது ஒவ்வொரு அடிக்கும் காத்திருக்கிறேன். கால் வந்து சேரும்வரை நிற்கிறேன்.