புத்தூரிலிருந்து வல்வெட்டித்துறைக்கு ஒரு பவுசர் தண்ணீர்

கடந்த ஆவணியில், ஒரு வியாழக்கிழமை காலை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து வெளிக்கிட்டேன். சுற்றிப் பார்க்க அல்ல. நான் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் வல்வெட்டித்துறையில் கடற்கரையோர ஒழுங்கை ஒன்றிலுள்ள வீடுகளுக்குப் பவுசர் எனும் தாங்கி லொறியில் குடிநீர் கொடுத்து வருகிறது. மழை குறைந்த வருடங்களில் அங்குள்ள கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. தண்ணீர் தந்துகொண்டிருந்த புத்தூர் விவசாயி சிவபாலன் அண்ணை, முதல் நாள் மாலை தொலைபேசியில், "இனி ஏலாது, தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். வீடுகளில் நாங்கள் கட்டும் மழைநீர்த் தொட்டிகளோ பாதியில் நின்றன. மாரிக்கு இன்னும் இரண்டு மாதம்.

தெரிந்த ஓட்டோக்காரர் குகன். போய்வர, காத்து நிற்க எல்லாமாக ஐயாயிரம் ரூபா. (பஸ்ஸில் மிகவும் மலிவு, ஆனால் எனக்கு இரண்டு இடத்தில் அலுவல்.) கோப்பாய், நீர்வேலி தாண்டிப் புத்தூருக்கு அரை மணித்தியாலம்.

சிவபாலன் அண்ணை வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தார். கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னார். அடியில் பாறை தெரிந்தது.

"தர மனமில்லையெண்டில்லை. பவுசர் எடுத்தாப் பிறகு பின்னேரம் இறைக்கத் தண்ணி இல்லை. இந்தப் பயிரும் போனா நான் என்ன செய்யிறது?"

"அப்ப அந்தச் சனத்திட்டை நீங்களே வந்து சொல்லுறியளோ, அண்ணை? எனக்கு வாய் வரேல்லை" என்றேன். அவர் மோட்டரை நிற்பாட்டிவிட்டு, "வாறன்" என்றார்.

"வல்லைவெளி வருது, சால்வையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. காத்து பலம்," என்று குகன் சொன்னதைத் தவிர வழியில் யாரும் கதைக்கவில்லை.

ஒழுங்கையில் தண்ணீர் பங்கிடுவது வசந்தி அக்கா, கணவர் கடற்றொழிலாளி. வந்தவுடன் தேநீர் தந்தார். சிவபாலன் அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு."

"உங்கடை தண்ணியெல்லோ. எங்கடை கிணத்துத் தண்ணியிலை போட்டா பால் திரைஞ்சுபோம்."

அவர் தலை குனிந்தபடியே கிணற்றின் நிலைமையைச் சொன்னார். அக்கா கேட்டார்:

"வெங்காயம் எப்ப பிடுங்குவியள்?"

"மூண்டு கிழமை செல்லும்."

"அதுவரைக்கும் அரைவாசி தாங்கோ. குடிக்க, சமைக்க மட்டும் பாவிக்கிறம். பிறகு முழுக்கத் தாங்கோ."

"ஓம். அது ஏலும்."

திரும்பும்போது அவர்தான் கதைத்துக்கொண்டு வந்தார். எனக்கோ ஒரு யோசனை. ஒரு வருடமாகத் தண்ணீரைக் கொண்டுபோனோம். இந்த இருவரையும் சந்திக்க வைக்க எங்களுக்குத் தோன்றவேயில்லை.

இப்படியான வேலைகளைப் பார்க்க வருகிறவர்கள் காலை ஏழரைக்கு முன் வெளிக்கிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. குடிதண்ணீரை யாழ்ப்பாணத்திலேயே போத்தலில் நிரப்பிக்கொள்ளுங்கள். கரையோர வீடுகளில் கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். ஆனால் அது அவர்களின் பங்கிலிருந்துதான் வரும்.

அந்த மூன்று வாரமும் ஒழுங்கையில் கஷ்டப்பட்டுத்தான் சமாளித்தார்கள். வெங்காயம் பிடுங்கிய அன்றே முழுப் பவுசரும் போயிருக்கிறது. சிவபாலன் அண்ணை நேரே வசந்தி அக்காவுக்கு அழைத்து ஒழுங்கு செய்துவிட்டார். எங்கள் அலுவலகத்துக்கு அது மறுநாள்தான் தெரியவந்தது.