ஃப்தராயா

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: பேக்கரி முதலாளியான ரஷ்ய அம்மா. என்னை அக்கா என்று கூப்பிடும் என் ஊர்க்காரப் பையன். நான்.

பேக்கரி பிளானோவில். அந்த அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. சமையலறையை இனி உங்கள் இருவரில் யார் பார்த்துக்கொள்வது, நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்றார். அங்கே முன்னால் சேர்ந்தவள் நான். அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை, அந்த அம்மாவுக்கும் அப்படியே. அவனுக்கு ரஷ்யன் வரும். டெலிவரி வண்டியில் அவரோடு போய்ப் பழகியது.

"நீங்கதான்க்கா ஃபர்ஸ்ட். நான் ரெண்டாவது. சொல்லிடவா?"

"சொல்லுப்பா."

"யா பேர்விய், அனா ஃப்தராயா" என்றான். அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். நான் சிரித்துத் தலையாட்டினேன்.

தட்டு எண்ணிப் பழகியதில் ஆதின், த்வா தெரியும். ஒன்று, இரண்டு. அவன் சொன்னதில் அந்த இரண்டு சொல்லும் இல்லை. அதனால் ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சாவி அவனிடம் இருந்தது.

"அவங்க முடிவுக்கா. நான் என்ன பண்ண?"

நம்பினேன். அந்த அம்மா சான் ஹோசேக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

என் மகளுக்கு ரிச்சர்ட்சன் காலேஜில் ரஷ்யன் ஒரு பாடம். காதில் நின்றதை அவளிடம் சொன்னேன்.

"மாம், ஹீ செட் ஹீ இஸ் ஃபர்ஸ்ட். யூ ஆர் செகண்ட்."

யா என்றால் நான், அனா என்றால் அவள். பேர்விய் என்றால் முதல் ஆள், ஆண். பெண் என்றால் பேர்வயா. ஃப்தராயா இரண்டாமவள். பேர்விய் ஒன்றிலிருந்து வந்த சொல் இல்லையாம். முன்னால் நிற்பது என்று அர்த்தமாம். நாம் சொல்லும் பூர்வமும் அதுவும் ஒரே வேராம். நம் முதலும் ஒன்றிலிருந்து வரவில்லைதான். ஆனால் நம் முதலில் ஆண் பெண் தெரியாது.

மறுநாள் கேட்டேன்.

"தம்பி, ஃப்தராயான்னா என்ன?"

"ரெண்டாவதுக்கா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

சிரித்தான். "நம்பருக்கு ஏதுக்கா ஆம்பளை பொம்பளை?"

"அவங்க பேச்சுல இருக்கு. நீ ஃப்தராயான்னது என்னை."

சிரிப்பு நின்றது. மாவு மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். பிறகு, என்னைப் பார்க்காமல், அன்றைக்கு நான் போட வேண்டிய உருளைக்கிழங்கு பன் கணக்கைச் சொன்னான்.

இருநூற்று நாற்பது.