ஹெலிகாப்டரில் அழுத பிள்ளை

என் தங்கை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடந்த எங்கள் மணல் நிலத்தில் கடலை விதைத்து, கை கால் குறையாமல் அறுவடை செய்தாள். பெண் ஏறினால் படகுக்கு ஆகாது என்று சொல்லும் ஊரில் சொந்தப் படகு வைத்தாள். கூட்டுறவில் மீன் நிறுக்கும் தராசு பொய் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லி, தராசை மாற்ற வைத்தாள். இருபத்து மூன்று வயதில் எழுத்து வகுப்பில் உட்கார்ந்து அந்த வருடம் எல்லோரையும் முந்தினாள். இவற்றைவிடப் பெரியது ஒன்று உண்டு. அப்பா கல்லறைக்குள் வைத்துவிட்ட தன் பெயரை அவள் திரும்ப வாங்கினாள்.

அவள் பெயர் லியூ. வீட்டில் ஞாய் என்போம், தவளைக்குஞ்சு என்று அர்த்தம். நல்ல பெயர் காதில் பட்டால் பேய் பிள்ளையைத் தூக்கிவிடும் என்று எங்கள் குவாங் ங்காய் மாகாணத்தில் எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஓர் அசிங்கப் பெயர் வைப்பார்கள். என்னுடையதை எழுத எனக்கு விருப்பமில்லை.

1967இல் அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து எங்கள் ஊரைக் காலி செய்தார்கள். காட்டிலிருந்து வந்த போராளிகள் சோறு கேட்டபோது கொடுத்திருந்தோம், அதுதான் குற்றம். ரஷ்யாவோடு அமெரிக்காவுக்கு இருந்த பகைக்கு எங்கள் மீன்பிடி ஊர் எப்படிக் குறுக்கே வந்தது என்று அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அம்மா முந்தின வருடக் குண்டுவீச்சிலேயே போய்விட்டாள். கூரைகளுக்குத் தீ வைத்துவிட்டு எங்களை ஹெலிகாப்டர்களில் ஏற்றினார்கள். அந்தப் புழுதியில் ஞாயின் கை அப்பாவின் கையிலிருந்து நழுவியது. அவளுக்கு அப்போது பத்து வயது. யாரோ அவளைத் தூக்கி வேறொரு ஹெலிகாப்டருக்குள் போட்டதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அது எங்கே போனது என்று சொல்ல யாரும் இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்து முகாமில் தகரக் கூரையின்கீழ் இருந்தோம். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர் தாழ்வாக வந்து, காட்டோரமாகச் சுற்றியது. அதிலிருந்து சாவு மேளம் கேட்டது. பிறகு ஒரு பிள்ளை அழுதது. "அப்பா, வீட்டுக்கு வாங்கப்பா" என்று எங்கள் மொழியில் கூப்பிட்டது.

ஊருக்கு வெளியே செத்துப் புதைக்கப்படாதவர்கள் அலைவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அது அமெரிக்கர்களுக்கும் தெரிந்திருந்தது. காட்டில் இருந்த போராளிகள் பயந்து வீட்டுக்கு ஓடட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டதாம், பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். அவர்கள் ஓடினார்களோ இல்லையோ, எங்களுக்கு ஓட வீடே இல்லை.

"நம்ம ஞாய்தான் அது," என்றார் அப்பா.

"மேலேருந்துல்ல வருதுப்பா," என்றேன்.

"செத்தவ பின்ன எங்கேருந்து வருவா?"

பக்கத்துக் கொட்டகை டாவ் அத்தை எழுந்து வந்தாள். "அது உங்க பொண்ணு இல்லண்ணே. என் பையன். எனக்குத் தெரியாதா அவன் அழுவை?"

"உன் பையன் அப்பான்னு ஏன் கூப்பிடறான்? அவன் அப்பன்தான் அவனுக்கு முந்தியே போய்ட்டானே."

ஒரு குரலுக்காக இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்குக் காற்றுக் கல்லறை கட்டுவது எங்கள் வழக்கம். முசுக்கட்டைக் குச்சி எலும்பு, பட்டு நூல் நரம்பு, குன்றுக் களிமண் சதை. அப்பா ஞாய்க்கு அப்படி ஓர் உருவம் செய்யச் சொன்னார். மந்திரக்காரர் அதற்கு முட்டை மஞ்சள் கரு பூசி, "வோ தி லியூ" என்று அவள் முழுப் பெயரைச் சொல்லி மும்முறை கூப்பிட்டார். கூப்பிட்டதும் பெயர் மண்ணுக்குள் போய்விடும். பிறகு அந்தப் பெயர் அந்த மண்ணுக்குத்தான் சொந்தம். கல்லில் பெயர் வெட்டிப் புதைத்தோம். அதன்பின் ஹெலிகாப்டர் எங்கள் பக்கம் வரவில்லை. வேறு பக்கம் போயிருக்கும். அவள் அடங்கிவிட்டாள் என்று அப்பா நம்பினார். அந்தக் குரலைப் பற்றி வாயெடுத்தால் திரும்பி வந்துவிடும், யாரும் பேசக்கூடாது என்றார். நாங்கள் பேசவில்லை.

போர் முடிந்த 1975இல் பழைய ஊருக்கே திரும்பிக் குடிசை போட்டோம். அந்த ஆடியில் ஒரு மத்தியானம் மெலிந்த பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். புருவத்துக்கு மேலே ஞாய்க்கு இருந்த அதே தழும்பு. அப்பா ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வந்தார்.

"சோறு வைக்கறேம்மா. சாப்பிட்டுட்டுப் போயிடு."

"போறதுக்கு வேற எடம் இல்லப்பா," என்றாள்.

தெற்கே குய் ஞோன் நகரத்தில் சிப்பாய்களுக்குத் துணி வெளுக்கும் ஒருத்தி அவளை வளர்த்திருந்தாள். உயிரோடுதான் இருக்கிறாள் என்று அப்பா ஒப்புக்கொள்ளப் பத்து நாள் பிடித்தது. பெயரை மட்டும் தரவில்லை. மந்திரக்காரர் போரில் செத்துவிட்டார், கட்டியதை அவிழ்க்க ஆளில்லை. "அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டு நீ பதில் குடுத்தா, மண்ணு உன்னை இழுத்துக்கும்," என்றார். அவளும் பயந்தாள். ஞாய் என்றே இருந்தாள், ஞாய் என்றே கைநாட்டு வைத்தாள். வருடா வருடம் லியூவுக்குத் திதி வந்தது. மீன் குழம்பும் ஒட்டரிசிச் சோறும் அவளேதான் சமைப்பாள். படைத்தபின் ஓரமாக உட்கார்ந்து, தன் திதிச் சோற்றைத் தானே சாப்பிடுவாள். அவள் மெல்லுவதை என்னால் பார்க்க முடியாது. நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

எழுத்து வகுப்பில் எல்லாம் எழுதினாள். பெயர் எழுதச் சொன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள்.

1982இல் அவளுக்கும் படகோட்டி ஃபுங்குக்கும் பெண் குழந்தை பிறந்தது. கிராம அலுவலகத்தில் பிறப்பைப் பதியப் போனபோது எழுத்தர் கியெம் கைநாட்டு மையை நகர்த்தி வைத்துக்கொண்டார். "வகுப்புல முதலா வந்தவ கட்டை விரல் வைக்கலாமா? நெசப் பேரைச் சொல்லி, கையெழுத்துப் போடு. தவளைக்குஞ்சுன்னெல்லாம் இனி நான் எழுத மாட்டேன்."

கூட வந்திருந்த டாவ் அத்தை சிரித்தாள். "தாய் இறந்துட்டான்னே எழுதிக்கங்க. கல்லு இருக்கே சாட்சிக்கு."

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேராகக் கேட்டாள். "என் பேர் எனக்கு வேணும்பா. செத்தவளுக்குப் பொறந்தவன்னு என் பொண்ணை ஊர் சொல்லும்."

"கொழந்தை பால் குடிக்கறப்போ தாயைப் பறிகொடுக்கணுமா? வேணாம்மா."

"நான் செத்துட்டேன்னு உங்களுக்கு யாருப்பா சொன்னது?"

அப்பா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார். "நீதான் சொன்ன. ஹெலிகாப்டர்லேருந்து கூப்பிட்டியே."

ஞாய் குழந்தையை என் மடியில் போட்டாள். "சாவு மேளம் அடிச்சு, அப்புறம் அப்பா வீட்டுக்கு வாங்கன்னு ஒரு புள்ள அழுமே, அதுவா?"

அப்பா என்னை முறைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். "உனக்கெப்படித் தெரியும்?"

"குய் ஞோன்லயும் வந்துச்சுப்பா. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். அதே மேளம், அதே புள்ள, ஒரு சொல்லு மாறல. மறுநாளும் அதே அழுகை. அது யாரோன்னு நானும்தான் அழுதேன். ஊர் ஊரா ஒரே புள்ளையத்தான் அழ வச்சிருக்காங்க."

அப்பா எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். "அப்ப நான் யாரைப் பொதைச்சேன்?"

அந்தப் பிள்ளை யார், அழச் சொன்னபோது அதற்கு என்ன வயது, எதற்கு அழுகிறோம் என்று அதற்குத் தெரியுமா, எதுவும் இன்றுவரை எனக்குத் தெரியாது. மழைக்கு முந்திய சாயங்காலங்களில் இப்போதும் காதில் கேட்கிறது.

மறுநாள் அப்பா உளியோடு கல்லறைக்குப் போனார். லியூ என்ற எழுத்துகளைச் செதுக்கி எடுத்தார். கல்லைப் பிடுங்கவில்லை. "உள்ள யாரோ ஒரு புள்ள இருக்கு. அது பேரு நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்," என்றார். திதியை நிறுத்தவும் விடவில்லை.

பிறகு எங்களோடு கிராம அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குனிந்து தன் பெயரை எழுதினாள். ஏதாவது நடக்கும் என்று நானும் மூச்சைப் பிடித்தேன். குழந்தை தும்மியது.

கியெம் தாளைத் திருப்பிப் பார்த்தார். "மூணாவது எழுத்து மேல தொப்பிக் குறி போடலியே. தொப்பி இல்லாம இது லியூ ஆகாது."

அவள் தாளை வாங்கித் தொப்பியைப் போட்டாள். அதற்கு மேலே, தொனியைக் காட்டும் வளைவுக் குறியையும் போட்டாள். பக்கத்தில் தேதி எழுதச் சொன்னார். அதையும் அவளே எழுதினாள்: 1982, ஏப்ரல் 14, புதன்கிழமை.