மல்லிகா யாரைப் பார்த்தாள்?

"நாம அவளப் பாக்கலம்மா, அவதான் நம்மளப் பாக்கா" என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கடை அண்ணாச்சி. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, கவுன்டருக்கு மேலே மாட்டியிருந்த மோனலிசா படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். டோல்கேட் பக்கம் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை எங்களுடையது. கல்யாணம் ஆனவர்களும் காலமானவர்களும் ஒரே அளவுக் கண்ணாடிக்குள் போகிற தொழில் இது.

நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். வருகிறவர்கள் தங்கள் படத்தைக் கொடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அவளிடம் என்று நானும் சும்மா யோசிப்பேன். எண்ணூர் தேசப்பன் அண்ணன் வந்து, இறந்துபோன தன் மனைவியும் அதே மாதிரி தன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட பிறகு, சும்மா யோசிக்க முடியவில்லை.

கையில் பிள்ளை இல்லாத மாதா

காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா ஒருவர், புது வீட்டுக்கு மாதா படம் வேண்டும் என்று வந்தார். நான் மாதா படங்களை எடுத்து வைப்பதற்குள் மோனலிசாவைக் கைகாட்டி, அந்த மாதாவையே கொடு என்றார். முக்காடு, அடக்கமாகக் கட்டிய கை, அமைதியான முகம். அவர் நினைத்ததில் தப்பில்லை. தினமும் ஜெபமாலை சொல்கிற நான் பொய் சொல்லலாமா? இது மாதா இல்லை, வெளிநாட்டில் யாரோ ஒரு வியாபாரியின் மனைவியாம் என்றேன். கையில் பிள்ளையைக் காணோமே என்று தானும் பார்த்ததாகச் சொன்னார். ஆனாலும் அதையேதான் வாங்கிக்கொண்டு போனார்.

"மாதா இல்லாங்காட்டி போவுது. நாம சொல்றத கேட்டுக்கிற மூஞ்சிதானே கீது."

சிரிப்பா, இல்லையா

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டுகிற இருவர், அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று சண்டை போடுகிற அளவுக்குப் போய்விட்டார்கள். உதட்டைப் பார்த்தால் சிரிக்கவில்லை, கண்ணைப் பார்த்தால் சிரிக்கிறாள் என்றார் ஒருவர். மற்றவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சிரிப்புலாம் இல்ல மாமு. நான் லேட்டா போனா எம் பொண்டாட்டி கதவத் தொறந்துட்டு இப்டிதான் நிக்கும்."

திருப்பிய கண்

தேசப்பன் அண்ணன் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர். அவர் மனைவி மல்லிகாவுக்கு என்று இருந்தது ஒரே படம், யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. ஸ்டுடியோவில் அவள் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் கண் எங்கேயோ ஓரமாகப் பார்த்தது. அண்ணன் கடைக்குள் வாசல் பக்கம் ஒரு தரம், ஃபேன் பக்கம் ஒரு தரம் நின்று பார்த்தார். மோனலிசா இரண்டு இடத்திலும் அவரைப் பார்த்தாள். வீட்டில் தான் எங்கே நின்றாலும் மல்லிகா இப்படிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அண்ணாச்சி தெரிந்தவரிடம் கொடுத்து, கம்ப்யூட்டரில் கண்ணை நேராகத் திருப்பி வாங்கினார். வாங்க வந்த அண்ணன் அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, கவுன்டரில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"கண்ணு நேராதான் கீது. ஆனா இது யாரையோ பாக்குது. என்னப் பாக்கல."

வெட்டாத படம்

கண்ணைத் திருப்பாமல் பழையபடியே முகத்தை வெட்டித் தரச் சொல்லி, அடுத்த முறை முழுப் படத்தையும் எடுத்து வந்தார். துடைப்பதற்காகக் கண்ணாடி மேல் வைத்தேன். கல்யாணப் பந்தி. மல்லிகா சாம்பார் வாளியோடு நிற்கிறாள். முகம் மட்டும் ஓரமாகத் திரும்பியிருக்கிறது. அந்தப் பக்கமே விரலை நகர்த்திக்கொண்டு போனேன். பந்திக் கடைசியில், இலைமேல் குனிந்து ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. இது யாருண்ணே என்றேன். அண்ணன் குனிந்து பார்த்தார். அது தன் சட்டை என்று மெதுவாகச் சொன்னார்.

வெட்ட வேண்டாம், முழுசாகவே ஃப்ரேம் போடு என்றார். அண்ணாச்சி தயங்கினார். உயிரோடு இருப்பவரையும் சேர்த்து மாட்டி மாலை போடக் கூடாது, ஆயுசுக்கு ஆகாது, அதனால்தான் எல்லாருக்கும் வெட்டிக் கொடுக்கிறோம் என்றார். நானும் பயந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். தேசப்பன் அண்ணன் படத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"மாலையும் வாணாம், வெளக்கும் வாணாம் அண்ணாச்சி. நான் துன்னுகினு கீறேன், அது பாத்துகினு கீது. அப்டியே மாட்டிக்கிறேன்."

உங்கள் வீட்டுப் படத்தை வெட்டக் கொடுப்பதற்கு முன்னால், அதில் இருப்பவர் யாரைப் பார்க்கிறார் என்று ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள். ஆணி அடித்த ஃப்ரேமைப் பிரிப்பது எங்களுக்குப் பெரிய பேஜாரு.