முதுகைக் காட்டி உட்காருபவர்

திருவொற்றியூரில் கன்டெய்னர் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. எல்லாம் ரூபி மொழியில். கிடங்குக்கு ஒரு கிளைத் திட்டம், ஒவ்வொன்றையும் தொகுத்துத் தயாராக்கத் தனி பில்டு ஸ்கிரிப்ட். அவற்றை ஒரே கட்டளையில் ஓடும்படி ஒழுங்குபடுத்த, ஒப்பந்தத்தில் ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார்.

பில்டை ஓடவிட்டதும் நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். மீஞ்சூர் முடிந்தது, எண்ணூர் முடிந்தது என்று கிடங்கு வாரியாகத் திரையில் வரிகள் வரும். சற்றுத் தாமதித்து அவர் திரும்பிப் பார்க்கும்போது, கடைசியாக, சடையங்குப்பம் முடிந்தது என்றும் இருக்கும்.

சடையங்குப்பம் கிடங்கு வெள்ளத்தில் மூழ்கியதோடு மூடப்பட்டது. அதன் ஃபோல்டரையும் அப்போதே அழித்துவிட்டோம்.

“அப்புறம் எதுண்ணா ஓடுது?” என்று கேட்டேன்.

“தெர்ல நைனா. நானும் தேடிக்கினுதான் கீறேன்.”

“அதுக்கு ஏன் திரும்பி உக்கார்றீங்க?”

“பாத்துகினே இருந்தா வராது. அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி.”

அவர் சிரிக்கவில்லை.

வேலை முடிந்து போய்விட்டார். அவருடைய ஸ்கிரிப்ட் தெளிவானது; இருக்கிற ஃபோல்டர்களை மட்டும் வரிசையாக ஓட்டும். சடையங்குப்பம் என்ற பெயரே அதில் இல்லை.

நேற்று மதியம் நானே ஓட்டினேன். எல்லாக் கிடங்கும் முடிந்த பிறகும் பில்டு முடியாமல் நின்றது. சாப்பாட்டு நேரம் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலியைத் திருப்பினேன். ஜன்னலில் மணலிப் பக்கத்துப் புகை. முதுகுக்குப் பின்னால், அதுவரை இரைந்துகொண்டிருந்த லேப்டாப்பின் விசிறி அடங்கியது; பில்டு முடிந்துவிட்டது.

சடையங்குப்பம் வந்துவிட்டது என்று தெரிந்தும் திரும்பவில்லை. வந்தது கூச்சப்படாமல் திரும்பிப் போகட்டும் என்று, அவரைப் போலவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.